பழக்கிவிட்ட பையனைப் பக்கத்துப் பட்டறை கூட்டிக்கொண்டு போகிறது: கோவையில் சேர்ந்து பயிற்சி நடத்த வழி உண்டா?

கணபதி பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பம்பு, வால்வு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்கள்: வி.எம்.சி. என்கிற மில்லிங் மெஷின் நான்கு, சி.என்.சி. லேத் இரண்டு.

"ஆள் கிடைக்கவில்லை" என்று சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறோம். என் அனுபவத்தில் ஆள் கிடைக்கிறார்கள், செட்டிங் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. பீஸை மாட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்த ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். வைஸில் ஜாபைக் கட்டி, டயல் ஓட்டிப் பார்த்து, ஜீரோ எடுத்து, டூல் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை அளந்து, இருபது மைக்ரான் எங்கே தப்பியது என்று சொல்லத் தெரிய வேண்டும். இன்செர்ட் தேய்ந்ததா, ஜாப் நகர்ந்ததா, மெஷின் சூடானதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இதற்கு ஒன்றரை வருடம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் உடைகிற டூல், போகிற மெட்டீரியல், ரிஜெக்‌ஷன் எல்லாம் என் கணக்கு. பையன் தேறியதும் அடுத்த தெருவிலிருந்து போன் வருகிறது, மாதம் இரண்டாயிரம் கூடத் தருகிறோம் என்று. போய்விடுகிறான்.

எங்கள் பகுதியில் பத்துப் பன்னிரண்டு யூனிட்டுகள் சேர்ந்து பொதுவாக ஒரு பயிற்சி மையம் நடத்தலாமா என்று யோசிக்கிறேன். வாடகைக்கு ஒரு ஷெட், ஆளுக்கொரு பழைய மெஷின், பாடம் எடுக்க ஓய்வு பெற்ற ஒருவர். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். கூடவே ஒரு கட்டுப்பாடு: ஒருவர் பழக்கிய பையனை மூன்று வருடத்துக்கு மற்றவர் எடுக்கக் கூடாது.

இது நடக்கிற காரியமா? எங்காவது நடந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆவாரம்பாளையம் வார்ப்பு எழுதியது:

நல்ல யோசனைங்க. பொதுவாகச் சேர்ந்து செய்வது நம்ம ஊருக்குப் புதிதில்லை. மோட்டார், பம்பு சோதனைக்குத் தனித்தனியாக லேப் வைக்க முடியாது என்றுதான் பொறியியல் உற்பத்தியாளர்களின் சீமா சங்கம் சிடார்க் என்ற பொதுச் சோதனை மையத்தை உருவாக்கியது. பவுண்டரி, பம்புத் தொழிலுக்காகச் சங்கங்கள் எல்லாம் கூடி கோஇந்தியா என்று அமைப்பு வைத்து, மத்திய அரசுத் திட்டத்தில் பணம் வாங்கிப் பொது வசதி மையங்கள் கட்டினார்கள். நம்ம மாவட்டச் சிறு தொழில் சங்கமான கொடிசியா 1969-இல் ஆரம்பித்ததே சிறு தொழில்காரர்கள் தனியாக நின்றால் குரல் எடுபடாது என்பதால்தான்.

ஒரே சோதனை பெஞ்சில் போட்டிக் கம்பெனிகளின் பம்பு இரண்டும் ஓடுகிற ஊர் இது. ஆளைப் பழக்குவதில் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்கிறோம் என்பது எனக்கும் புரியாத விஷயம்.

ஆனால் பவுண்டரி நிலைமையையும் சேர்த்து யோசியுங்கள். என் மோல்டிங் லைனில் தமிழ் ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மீதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். பல வருடம் இங்கேயே இருந்து, மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தே ஈரம் சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. உங்கள் மையம் ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர்ப் பையன்களுக்கு மட்டும் என்றால் என் போன்றவர்களுக்கு அதில் பாதிப் பயன்கூட இருக்காது.

---

சிட்கோ செட்டர் எழுதியது:

கணபதி அண்ணா, நான் தொழிலாளி. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் செட்டராக இருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் மையம் நல்ல விஷயம். கட்டுப்பாடு அநியாயம். பையன் போகிறான் என்கிறீர்கள். எதற்காகப் போகிறான்? செட்டிங் கற்றுக்கொண்ட பிறகும் டிரெய்னி சம்பளத்திலேயே வைத்திருந்தால் போகத்தான் செய்வான். நானும் அப்படித்தான் முதல் பட்டறையை விட்டு வந்தேன். இரண்டாம் வருடம் முடிவதற்குள் நைட் ஷிஃப்டில் மூன்று மெஷின் தனியாகப் பார்த்தேன். சம்பளத்தைக் கேட்டால் "நீ இன்னும் டிரெய்னி" என்றார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதைத் திரும்ப வாங்கவே பல தடவை நடக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது பன்னிரண்டு முதலாளிகள் சேர்ந்து "ஒருத்தன் பையனை ஒருத்தன் எடுக்க மாட்டோம்" என்று பேசிக்கொண்டால், அந்தப் பையனுக்கு ஊரில் சம்பளம் கேட்க வேறு இடமே இல்லாமல் போகும். நீங்கள் நல்லவராக இருக்கலாம். பன்னிரண்டு பேரும் அப்படி இருப்பார்களா?

---

எஸ்டேட் கணக்கர் எழுதியது:

சட்டப்படியும் அது நிற்காது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பயிற்சிச் செலவை ஈடுகட்டச் சொல்லும் பாண்டு வேறு வகை, அதற்கு நீதிமன்றங்கள் சில வழக்குகளில் இடம் கொடுத்திருக்கின்றன. சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

---

மேட்டுப்பாளையம் ரோடு வாத்தியார் எழுதியது:

அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இது நான் ரொம்ப நாளாகப் பேச நினைத்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. பட்டறையும் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-இல் வந்தது, அவர்களுடைய பாலிடெக்னிக் 1939-இல், பொறியியல் கல்லூரி 1951-இல். அவர்களுடைய இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டில் பம்பும் மோட்டாரும் மெஷினும் உண்மையாகவே விற்பனைக்குத் தயாராகும், மாணவர்கள் அதே தளத்தில் நின்று வேலை கற்பார்கள். சாண்ட்விச் படிப்பு என்று இன்னும் நடக்கிறது. ஜி.டி. நாயுடு 1945-இல் தொழில்நுட்பக் கல்விக்குக் கைகொடுத்ததும் இதே எண்ணத்தில்தான்: கையில் வேலை இல்லாத படிப்பு அரைப் படிப்பு.

அரசுத் தரப்பிலும் முதலாளிகளை உள்ளே கொண்டுவர முயற்சி நடந்தது. 2007-இல் தொடங்கிய திட்டத்தில் நாடு முழுக்க 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் குழு, தலைவர் தொழிற்துறையிலிருந்து. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நான் பார்த்த இடத்தில் என்ன நடந்தது என்றால், தலைவர் பெரிய மனிதர், நேரமில்லாதவர். கூட்டத்துக்கு மேலாளரை அனுப்புவார். மெஷின் வந்தது. அந்த மெஷினுக்கு டூல் வாங்கவும், கெட்டால் சர்வீஸ் செய்யவும் யாரும் பொறுப்பேற்கவில்லை. ஊரில் இருந்த மற்ற முப்பது நாற்பது சிறு யூனிட்டுகளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. எங்கள் பையன்களை வேலைக்கு எடுத்தது என்னவோ அந்தச் சிறு யூனிட்டுகள்தான்.

இப்போது இன்னும் பெரிய பணம் வருகிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து 2,877 கோடியில் நவீனப்படுத்தினார்கள், ரோபோவும் ஐந்து அச்சு மெஷினும் வந்திருக்கின்றன. மத்திய அரசு 2025-இல் பி.எம். சேது என்று 60,000 கோடித் திட்டம் தொடங்கியிருக்கிறது. 1,000 ஐ.டி.ஐ.கள், 200 மையம், 800 கிளை, நடத்துவதில் தொழில் நிறுவனங்களுக்குப் பங்கு. இந்த முறை மெஷினுக்குக் குறை இருக்காது. மெஷின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? இன்றைய கட்டர், இன்றைய டாலரன்ஸ் தெரிந்தவர் பட்டறையில் இருக்கிறார், அவர் வெளியே வர முதலாளி விடுவதில்லை. கணபதி அவர்களே, உங்கள் மையம் ஓட வேண்டுமென்றால் ஷெட்டையும் மெஷினையும் பற்றிப் பிறகு யோசியுங்கள். ஒவ்வொரு யூனிட்டும் தன் நல்ல செட்டரை வாரத்தில் ஒரு நாள் விடச் சம்மதிக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. அடிப்படையை விட்டுவிடாதீர்கள். ஃபைல் போட வைத்து, டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு முகத்தைச் சதுரமாக்கக் கை வலிக்க ராவியவனுக்குத்தான் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு என்பது எவ்வளவு என்று உடம்பில் பதிகிறது. அதன் பிறகு சி.என்.சி. திரையில் வருகிற எண்ணை அவன் வெறும் எண்ணாகப் பார்க்க மாட்டான்.

---

பாயான் லெப்பாஸ் எழுதியது:

மலேசியாவின் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். "எங்காவது நடந்திருக்கிறதா" என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் 1989-லிருந்து நடக்கிறது. பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், பி.எஸ்.டி.சி. என்போம்.

பின்னணியைச் சொல்ல வேண்டும். 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ காலத்தில் இங்கே வேலையில்லாத் திண்டாட்டம் கடுமை. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை இன்றும் எட்டு சாமுராய் என்பார்கள். அப்போது வேண்டியது கூர்மையான கண்ணும் பொறுமையான கையும். எங்கள் அம்மா தலைமுறையில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் எஸ்டேட் வேலையை விட்டு இந்தத் தொழிற்சாலை லைனுக்கு வந்தார்கள். எண்பதுகளில் தானியங்கி மெஷின்கள் வந்ததும் நிலைமை மாறியது. ஆபரேட்டர் போதவில்லை, டெக்னீஷியன் வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வகை ஆள் வேண்டும், ஊரிலோ இல்லை. ஒருவர் ஆளை ஒருவர் இழுக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் எழுதியிருக்கிற அதே கதை.

அப்போதுதான் மாநில அரசு, கம்பெனிகள், கல்வித் தரப்பு மூன்றும் சேர்ந்து மையத்தை அமைத்தன. மாநில அரசு இடத்துக்கு உதவியது. கம்பெனிகள் மெஷின் கொடுத்தன, பயிற்சியாளரை அனுப்பின. லாப நோக்கம் கிடையாது, உறுப்பினர் கம்பெனிகளின் ஆட்கள்தான் நிர்வாகத்தில். என்ன பாடம் என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். ஒரே தேவை நான்கைந்து கம்பெனிக்கு இருந்தால் அது வகுப்பாகிவிடும். சந்தையில் கழுத்தைப் பிடிக்கிற கம்பெனிகளின் ஆட்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தானியங்கி மெஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. பற்றிப் படித்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது: "உன் ஆளை நான் எடுக்க மாட்டேன்" என்ற ஒப்பந்தத்தை நம்பி அந்த மையம் நிற்கவில்லை. ஆள் மாறினார்கள், இன்றும் மாறுகிறார்கள், பாதிப் பேர் சிங்கப்பூருக்கே போகிறார்கள். கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டு, ஊரில் மொத்தமாகத் தேர்ந்த ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டின. கூடக் கூட, ஒருவன் போனால் இன்னொருவன் கிடைப்பான்.

---

கணபதி பட்டறை எழுதியது:

பினாங்கு நண்பருக்கு ரொம்ப நன்றி. சிட்கோ தம்பி, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பினாங்கில் இன்டெல்லும் ஹெச்.பி.யும் இருந்தன, பணம் பிரச்சினை இல்லை. எங்களுக்கு மாதக் கடைசியில் கரண்ட் பில்லே பாரம். நான் கேட்க விரும்புவது இதுதான்: பன்னிரண்டு பேர் பணம் போடுகிறோம், பதின்மூன்றாவது ஆள் ஒரு பைசா போடாமல் ஓரமாக நின்று தேறிய பையனை எடுத்துக்கொள்கிறான். அவனை என்ன செய்வது? அந்த ஒரு ஆளைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் எங்களில் மூன்று பேர் பணம் போட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து கூட்டு முயற்சி எல்லாம் உடைவது இந்த இடத்தில்தான்.

---

பாயான் லெப்பாஸ் எழுதியது:

இங்கே அதற்கு வழி சட்டமாகவே வந்தது. 1992-இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம். 1993-லிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கிற உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1% நிதிக்குக் கட்ட வேண்டும். ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தப் பணத்திலிருந்து திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். அனுப்பாவிட்டால் கட்டிய பணம் சும்மா கிடக்கும். ஆகவே எல்லா முதலாளியும் "எப்படியும் கட்டியாச்சு, அனுப்பிவிடுவோம்" என்ற நிலைக்கு வந்தார்கள். பதின்மூன்றாவது ஆளும் கட்டியே ஆக வேண்டும்.

பிரிட்டனிலும் 2017 ஏப்ரலிலிருந்து ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் நிறுவனங்களிடம் 0.5% அப்ரெண்டிஸ் வரி வாங்குகிறார்கள். ஜெர்மனியில் கட்டுமானத் துறை முழுவதும் ஒரு பொது நிதிக்குக் கட்டுகிறது, பழக்குகிற கம்பெனிக்கு அதிலிருந்து செலவு திரும்பி வருகிறது. ஊருக்கு ஊர் வடிவம் வேறு, ஆனால் பழக்காதவனும் பணம் கட்டுகிறான் என்பது எல்லா இடத்திலும் உண்டு.

---

ஆவாரம்பாளையம் வார்ப்பு எழுதியது:

இன்னொரு வரியா என்று சங்கத்தில் கத்துவார்கள். ஆனால் ஒரு வழி தெரிகிறது. ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி நினைத்தால் நடக்கும். ஜவுளி மெஷின் செய்யும் எல்.எம்.டபிள்யூ. 1962-லிருந்து இருக்கிறது, கம்ப்ரஸர் செய்யும் நம்ம ஊர் எல்ஜி (Elgi) 1960-லிருந்து. இப்படிப்பட்டவர்களைச் சுற்றி எத்தனை சப்ளையர்கள்! "எனக்கு ஜாப் செய்து கொடுக்கிறவர் பயிற்சி மையத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும்" என்று அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி போட்டால் போதும். பதின்மூன்றாவது ஆள் தானாக வருவார். தரம் கூடினால் லாபம் அவர்களுக்கும்தானே.

---

கென்டக்கி கொங்கு எழுதியது:

பெரிய கம்பெனி நடுவில் நின்று இழுத்த கதை நான் இருக்கும் இடத்தில் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் பக்கம் ஜார்ஜ்டவுனில் டொயோட்டாவின் பெரிய ஆலை. மெஷின் பராமரிக்கிற டெக்னீஷியன் கிடைக்காமல், 2010-இல் புளூகிராஸ் சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். பிறகு பக்கத்து ஆலைகளையும் சேர்த்து ஃபேம் என்ற கூட்டமைப்பு ஆனது. 2019-லிருந்து தேசிய அளவில் மேனுஃபேக்சரிங் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு அதை நடத்துகிறது.

ஐந்து செமஸ்டர். வாரத்தில் 2 நாள் வகுப்பு, 3 நாள் ஆலையில் சம்பளத்தோடு வேலை. மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், பி.எல்.சி., வெல்டிங் எல்லாம் கலந்து. நேரத்துக்கு வருவதையும், தானாக முன்வந்து வேலை செய்வதையும், மற்றவரோடு பேசிப் பழகுவதையும் பாடத்தைப் போலவே கவனித்து வளர்க்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி சேர்ந்தவர்களில் 80% பேர் முடித்தார்கள். முடித்து ஐந்து வருடத்தில் அவர்களுடைய ஆண்டு வருமானம் 98,000 டாலரை நெருங்கியது, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற மாணவர்களுக்கு 53,000 அளவில். சேர்க்கும்போதே பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதால் முழுப் பெருமையும் படிப்புக்குப் போகாது. இருந்தாலும் வித்தியாசம் பெரிது.

சிட்கோ செட்டர் சொன்னதுதான் இங்கும் நடக்கிறது. நல்ல சம்பளம் கிடைக்கும் என்று பையன் கண்ணால் பார்க்கிறான், அதனால் முடிக்கிறான்.

---

தர ஆய்வு சகோதரி எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லோரும் "பையன், பையன்" என்றே எழுதுகிறீர்கள். நான் மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சி.எம்.எம். மெஷினில் அளவு பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். என் செட்டில் படித்த பெண்கள் பாதிப் பேர் இப்போது ஜவுளிக் கடையிலும் பில் போடும் இடத்திலும் இருக்கிறார்கள். மெஷின் பிடிக்காமல் போகவில்லை. பட்டறையில் பெண்களுக்கு டாய்லெட் இல்லை. எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் பஸ் இல்லை. அப்பா அம்மா கேட்கிற முதல் கேள்வி "அங்கே வேறு பொண்ணுங்க இருக்காங்களா?" ஒரு சிறு யூனிட்டில் நான் ஒருத்தி மட்டும் என்றால் வீட்டில் விட மாட்டார்கள்.

கூட்டாகச் செய்வதில் எனக்குத் தெரிகிற பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு யூனிட் சேர்ந்து ஒரு வேன் விடலாம். ஒரே பேட்ச்சில் பத்துப் பெண்களை எடுக்கலாம். ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலை ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுத்தது என்றால், ஹாஸ்டலும் பஸ்ஸும் முதலில் வந்ததால்தான். நம் பட்டறைகளில் தனியாக யாராலும் அதைச் செய்ய முடியாது.

---

ஒண்டிப்புதூர் அம்மா எழுதியது:

என் மகன் டர்னர், அதாவது லேத் வேலை, இரண்டாம் வருடம் படிக்கிறான். நன்றாகச் செய்கிறான் என்று சார் சொல்கிறார். ஆனால் வீட்டில் பெரியவர்கள் "ஏதாவது ஒரு டிகிரி போட்டுவிடு, நாளைக்குப் பொண்ணு பார்க்கும்போது பட்டறை வேலை என்றால் யார் தருவாங்க" என்கிறார்கள். அவன் நன்றாகச் சம்பாதித்தாலும் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். நீங்கள் மையம் நடத்தினால் பெற்றோரை ஒரு நாள் உள்ளே கூப்பிட்டுக் காட்டுங்கள். அவன் என்ன செய்கிறான் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. முடித்தால் என்ன சம்பளம் என்று எழுத்தில் கொடுத்தால் சொந்தக்காரர்களிடம் நான் பேசிக்கொள்வேன்.

---

எஸ்டேட் கணக்கர் எழுதியது:

பணத்துக்கு ஒரு தகவல். அப்ரெண்டிஸ் சட்டம் 1961-இன் கீழ், 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5% முதல் 15% வரை அப்ரெண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். அந்த விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய் வரை, இரண்டாம் வருடம் 10% கூடும். நாப்ஸ் என்ற அப்ரெண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25%, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. இங்கே எழுதும் சிறு யூனிட்டுகள் பலர் இதில் பதிவே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். போர்ட்டலில் ஏற்றுவது, ஒப்பந்தம் போடுவது, மாதாமாதம் வருகைப் பதிவு என்று வேலை அதிகம். பன்னிரண்டு யூனிட்டுக்குச் சேர்த்து ஒரே ஆள் அதைப் பார்த்தால் சுலபம். நான் செய்துதரத் தயார்.

ஒரு எச்சரிக்கை. சட்டப்படி அப்ரெண்டிஸ் தொழிலாளி ஆக மாட்டார், பயிற்சி பெறுபவர்தான். தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் அவருக்கு இல்லை. இதைப் பயன்படுத்தி உற்பத்தி லைன் முழுவதையும் அப்ரெண்டிஸை வைத்தே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்தால் மையத்தின் பெயர் ஆறே மாதத்தில் கெட்டுப்போகும்.

---

கணபதி பட்டறை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று யூனிட்காரர்களிடம் நேற்று உட்கார்ந்து பேசினேன். வாத்தியார் கேட்கச் சொன்ன கேள்வியை முதலில் கேட்டேன். இரண்டு பேர் செட்டரை சனிக்கிழமை விடச் சம்மதித்தார்கள். ஒருவர் தயங்குகிறார், அவரிடம் இருப்பதே ஒரு செட்டர்தான்.

மூன்று வருடக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் இப்படி வைத்திருக்கிறோம்: யூனிட்டை விட்டு ஆள் எந்த நேரமும் போகலாம், பையனிடமோ பெண்ணிடமோ ஒரு ரூபாய் கேட்கக் கூடாது, சான்றிதழை யாரும் வாங்கி வைக்கக் கூடாது. கூட்டில் இருக்கும் இன்னொரு யூனிட் பயிற்சி முடியும் முன்பே அவரை எடுத்தால், மீதமுள்ள மாதங்களின் பங்கை அந்த யூனிட் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். கணக்கு முதலாளிகளுக்குள்ளேயே முடிந்துவிடும்.

சம்பளத்தில்தான் இழுபறி. முதல் வருடம், இரண்டாம் வருடம், செட்டர் தேர்வு முடித்த பின் என்று மூன்று படி எழுதி, கேட்டில் ஒட்ட வேண்டும் என்றேன். ஒருவர் "எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்றால் என்னால் முடியாது" என்றார். அது குறைந்தபட்சம்தான், மேலே தரலாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். வேன் விஷயம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. டாய்லெட் கட்டாதவர் பெண் பயிற்சியாளரைக் கேட்க முடியாது என்று எழுதிவைத்தோம். வெளிமாநிலத் தொழிலாளருக்கு முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கித் தருவதை ஆவாரம்பாளையம் நண்பர் பொறுப்பில் விடலாமா?

---

ஆவாரம்பாளையம் வார்ப்பு எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன். தேர்வு வாய்மொழியாகவும் செய்முறையாகவும் இருக்கட்டும், ஹிந்தியிலோ ஒடியாவிலோ கேட்கிற ஒருவர் வேண்டும். என் சூப்பர்வைசர் ஒருவர் கட்டாக்கைச் சேர்ந்தவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவரையே கூட்டிவருகிறேன்.

---

மேட்டுப்பாளையம் ரோடு வாத்தியார் எழுதியது:

தேர்வை மட்டும் பயிற்சி கொடுத்தவரே நடத்தக் கூடாது. ஜெர்மனியில் மாணவன் எந்தக் கம்பெனியில் பழகினாலும் தேர்வு நடத்துவது தொழில் வர்த்தகச் சபை, அதனால்தான் அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லுகிறது. இங்கே ஒரு யூனிட் பையனை அடுத்த யூனிட் செட்டர் சோதிக்கட்டும். ஒரு டிராயிங், ஒரு வெறும் மெட்டீரியல், நான்கு மணி நேரம். முதல் பீஸ் அளவில் இருக்க வேண்டும். எந்த அளவு தப்பினாலும் ஏன் தப்பியது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். டிராயிங் நான் போட்டுத் தருகிறேன்.

---

சிட்கோ செட்டர் எழுதியது:

கணபதி அண்ணா, கட்டுப்பாட்டை எடுத்ததற்கு நன்றி. எங்கள் முதலாளியிடம் நானே பேசினேன், சனிக்கிழமை பாதி நாள் விடுகிறேன் என்கிறார். சொல்லிக்கொடுக்க வருகிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தச் சம்பளப் படி மூன்றும் கேட்டில் ஒட்டிய பிறகுதான் முதல் பேட்ச் ஆரம்பிக்க வேண்டும். அடுத்தது, பாடம் என்ன என்று முடிவு செய்யும் குழுவில் செட்டர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் அந்தச் சகோதரி மாதிரி தர ஆய்வில் இருக்கிறவராக இருந்தால் நல்லது. இதற்குச் சரி என்றால் வருகிற கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று போடுங்கள். டயல் ஸ்டாண்டும் பழைய இன்செர்ட் கொஞ்சமும் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.